கயிற்றின் மறுமுனை

மருந்துக் கிடங்கில் மாலை மணி அடித்ததும் வேலையாட்கள் தத்தம் பைகளைத் தரையில் தீட்டியிருந்த மஞ்சள் கோட்டின்மீது வரிசையாக வைத்துவிட்டு, பின்சுவரில் முதுகு படும்படி நின்றுகொள்ள வேண்டும். அதன்பிறகு சீமாட்டி வரும். சீமாட்டி என்பது நாய். காப்பி நிறம், தொங்கு காது, எப்போதும் ஈரமாக மினுங்கும் கரிய மூக்கு. ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டே அது நடக்கும். கோட்டின் கடைசிவரை நடந்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஏதேனும் ஒரு பையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாலோ, அந்தப் பைக்கு உரியவர் போக முடியாது. தூக்க மாத்திரையின் வாசனையைக் கண்டால் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்குக் கற்பிக்கப்பட்டிருந்த ஒரே பாடம். "அது உக்காந்தா நாம எழுந்திரிக்க முடியாது" என்று பொட்டலம் கட்டும் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். கோட்டருகே வந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் மோப்பத் துரை. அது அவர் காதுக்கு எட்டாது என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். எட்டியிருந்தது, எட்டியதில் அவருக்கு உள்ளூரப் பெருமையே தவிர வருத்தம் இல்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், அவர்களை நிறுத்திவைத்து நாயின் மூக்கைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யாமல் விடமாட்டார். துவைத்த சட்டையை முகர்ந்தால் நமக்குச் சோப்பு மணக்கும், அவ்வளவுதான். நாய்க்கோ சோப்பு வேறு, நேற்றைய வியர்வை வேறு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு, சட்டையை மடித்து வைத்தவரின் கை வேறு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். இழுத்த மூச்சை நாம் வந்த வழியே தள்ளுகிறோம். நாய் மூக்கோரத்துப் பிளவுகளின் வழியே பக்கவாட்டில் தள்ளுவதால், எதிரே உள்ள வாசனை கலையாமல் நிற்கிறது. ஓர் அறைக்குள் நுழையும் நாய்க்கு அங்கே இருப்பவர் மட்டுமல்லர், எழுந்து போனவரும் இருப்பார். அவர் போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதும் மணத்தின் மங்கலிலிருந்து விளங்கிவிடும். கண்தான் அதற்குச் சற்று மட்டம். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றே. சீமாட்டிக்குப் பரிசாகக் கொடுக்கும் ரப்பர்ப் பந்து சிவப்பு. அதைப் புல்லில் எறிந்தால் தாண்டி ஓடிவிடும், பிறகு மூக்குதான் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் குரலை இறக்கி, "மனுஷன் பொய் சொல்லுவான். நாய் சொல்லாது" என்று முடிப்பார்.

அவர் சொன்னதில் ஒரு வரியும் பிழையில்லை. ஆனால் நாயின் மூக்கை இவ்வளவு படித்து வைத்திருந்த மனிதர், அந்த நாய் தம்மை எப்படிப் படித்து வைத்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பொட்டலம் கட்டும் மேசைகளில் ஒன்றில் வேலை பார்த்தவர் அவருடைய சொந்தத் தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மோப்பத் துரை. வாங்கிக் கொடுத்த நாள்முதலாக அதற்காக மனம் புழுங்கியவரும் அவரே. மாப்பிள்ளைக்கு எதை எடுத்தாலும் வேடிக்கை. உறவினர் நிறைந்திருந்த ஒரு விருந்தில், மோப்பத் துரை நாயின் பெருமையை விரித்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை கையை உயர்த்திப் பள்ளிப் பிள்ளைபோல் ஒரு சந்தேகம் கேட்டார்: "மச்சான், கயித்துல எந்த முனைல இருக்கிறவருக்கு உத்தியோகம்?" குழந்தை முதல் கிழவர்வரை சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். மற்றவர்களின் சிரிப்பு அன்றைக்கே மறந்துபோயிற்று. தங்கையின் சிரிப்பு மட்டும் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நின்றுவிட்டது.

கிடங்கில் தூக்க மாத்திரை அட்டைகள் குறையத் தொடங்கின. எடுப்பவர் யார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் மேசை அந்த அலமாரிக்கு மிக அருகே இருந்தது. அண்மையில் அவர் புதிய வண்டி ஒன்றும் எடுத்திருந்தார். மோப்பத் துரை இதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை. தாம் நேர்மையானவர், ஆதாரம் இல்லாமல் யாரையும் குறைகூற மாட்டார் என்று அவர் தம்மைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். மனத்துக்குள் மட்டும் கணக்கைப் போட்டு விடையையும் எழுதிவிட்டார்.

அன்று மாலை சீமாட்டி மாப்பிள்ளையின் பையின் முன்னால் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். "என்ன மச்சான், உங்க சீமாட்டிக்கு என் மேல ஆசை வந்துடுச்சா?" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, மடக்குக் குடை, கசங்கிய செய்தித்தாள். மாத்திரை இல்லை. ஆனால் மேலாளர் அம்மாள் இலேசில் விடுகிறவர் அல்லர். இன்று இல்லாவிட்டால் நேற்று இருந்திருக்கும். பொருள் போனாலும் வாசனை போகாது என்று நீங்கள்தானே எல்லாருக்கும் பாடம் எடுக்கிறீர்கள் என்று மோப்பத் துரையைப் பார்த்துக் கேட்டார். மாப்பிள்ளையும் அவரைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பின் மிச்சம் எதுவும் இல்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்க மச்சான்."

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை? நாய் பொய் சொல்லாது" என்றார் மோப்பத் துரை. சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்துச் சீமாட்டிக்குக் கொடுத்தார். எல்லார் எதிரிலும், கூனிக் குறுகி நிற்கும் ஒரு மனிதரின் காலடியில், நாய் அந்தப் பந்தைக் கடித்துக் கடித்து விளையாடியது. அந்த ஒலி கிடங்கின் கூரைவரை கேட்டது.

மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதன் முடிவில் வேலையும் போகும், காவல் நிலையத்தில் புகாரும் பதிவாகும். மருந்து திருடியவர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தக் கிடங்கும் அவரை வாசலில் ஏற்றாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அண்ணி கொடுத்த தண்ணீரை வாங்கி மேசைமேல் வைத்தாள். சீமாட்டி ஓடிவந்து அவள் சேலை நுனியையும் செருப்பையும் முகர்ந்து, அவற்றில் மாப்பிள்ளையின் வீட்டை முழுவதும் வாசித்துவிட்டதுபோல் வாலை ஆட்டியது. அவள் அதைத் தள்ளிவிடவுமில்லை, தடவிக் கொடுக்கவுமில்லை.

"அவரு எடுத்திருப்பாருன்னு நீ நம்புறியாண்ணே?"

தாம் நம்புவதும் நம்பாததும் இங்கே முக்கியமில்லை என்றார் அண்ணன். இது மூக்கின் தீர்ப்பு. இதில் உறவு, பகை எதற்கும் இடமில்லை என்று விளக்கத் தொடங்கினார். பிளவுகளின் வழியே மூச்சு வெளியேறும் விதத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே தங்கை எழுந்துவிட்டாள். "நாயைப் பத்தி நான் கேட்கலை" என்றாள். தண்ணீர் வைத்தது வைத்தபடியே இருந்தது.

சீமாட்டி வசித்தது மோப்பத் துரையின் வீட்டில்தான். அதன் பயிற்சியும் அங்கேதான். மூடியில் துளைகள் இட்ட பழைய தகர டப்பா ஒன்றில் மாத்திரைகளைப் போட்டு வீட்டில் எங்காவது ஒளித்துவைத்து, "தேடு" என்பார். அது தேடிக் கண்டு உட்காரும், பந்து கிடைக்கும். குட்டிப் பருவம் தொட்டு இப்படித்தான். டப்பாவை ஒளித்துவைப்பது எப்போதும் அவர்தாம். வேறு எவர் கையும் அதில் படக்கூடாது. பட்டால் அந்தக் கையின் வாசனை ஏறிப் பயிற்சி கெட்டுவிடும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை அவர் மனைவி பல காலமாக மனத்துக்குள் திட்டிக்கொண்டே மதித்துவந்தார்.

அன்றும் டப்பாவைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினார். "தேடு" என்றார். சீமாட்டி கூடத்தை ஒரு வலம் வந்தது. நாற்காலிக் கால், சன்னல் திரை, செய்தித்தாள் கட்டு எல்லாவற்றையும் முகர்ந்தது. தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. பந்தைக் கொடுத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நூற்கண்டுகள் மட்டுமே இருந்தன.

"டப்பாவா? நூல் எடுக்கும்போது கையில தட்டுச்சு, செருப்பு அலமாரியில வெச்சேன்" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அங்க எதுக்கு இது உக்காந்திருக்கு?"

வாசனை இழுப்பறையில் தங்கியிருக்கும் என்று மோப்பத் துரை விளக்கினார். சரியான விளக்கம்தான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கணவரையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பி, டப்பாவை இப்போது எரிவாயு உருளைக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் மறுபடி தேடச் சொல்லலாம் என்றும் சொன்னார். அந்த இடத்தில் டப்பா அதுவரை ஒருமுறையும் இருந்ததில்லை. மோப்பத் துரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாயுடன் நடந்தார். படுக்கையறை வாசலில் அது ஒருகணம் தயங்கி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அவர் நடையை நிறுத்தவில்லை. அடுக்களையில் எரிவாயு உருளையின் முன்னால் அது அழகாக உட்கார்ந்தது.

மனைவி சிரித்துவிட்டார். "அங்க ஒண்ணுமே இல்லைங்க. உங்க தலைகாணிக்கு அடியில இருக்கு. அது மோப்பம் பிடிக்கலை, உங்க மூஞ்சியைப் பிடிக்குது."

அவர் சிரிக்கவில்லை. எரிவாயு உருளையின் பின்னால் குனிந்து தேடினார். கையை விட்டுத் துழாவினார். சுவர் தட்டுப்பட்டது. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்த மனைவி சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவை வை. எனக்குச் சொல்லாதே. நான் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். நீயே தேடச் சொல்லு" என்றார்.

குளியலறையில், வாளிக்கும் சுவருக்கும் நடுவே, அவர் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அப்பால் மனைவியின் குரல் "தேடு" என்றது. தரையில் நகங்களின் ஒலி. காற்றை வெட்டி வெட்டி இழுக்கும் மூச்சு. வலம் வரவில்லை, தயங்கவில்லை, யார் முகத்தையும் பார்க்க நிற்கவில்லை. தண்டவாளத்தில் ஓடும் வண்டிபோல் அந்த ஒலி நேராக ஓர் இடத்துக்குப் போய் அடங்கியது. பிறகு மனைவி, யாரையோ புண்படுத்திவிட்டவர்போல் மெல்லச் சொன்னார்:

"கண்டுபிடிச்சிடுச்சுங்க."

குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆகவே மூக்கில் குறையில்லை. படுக்கையறை வாசலில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தபோதே அதற்குத் தெரிந்திருக்கிறது. அவர் வேறு இடத்தை எண்ணிக்கொண்டு நடந்ததால், தனக்குத் தெரிந்ததைக் கைவிட்டு அவருக்குத் தெரிந்ததை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏற்காமல் என்ன செய்யும்? குட்டிப் பருவத்திலிருந்து அவர் ஒளித்து, அவர் அழைத்துப்போய், அவர் உடல் ஒருகணம் இறுகிய இடத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் பந்து கிடைத்திருக்கிறது. விடையைக் கரும்பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுதிய மாணவனை மேதை என்று ஊரெல்லாம் மெச்சித் திரிந்த ஆசிரியரை என்னவென்று சொல்வது?

மாப்பிள்ளையின் பையை நெருங்கிய அந்த மாலையை அவர் மறுபடி நடந்து பார்த்தார். மற்றப் பைகளைத் தாண்டியபோது கால் இயல்பாக நடந்தது. அந்தப் பை வந்ததும் மூச்சு நின்றது. கயிறு ஒரு நூலளவு இறுகியது. உள்ளங்கை வியர்த்தது; அந்த வியர்வையில் விருந்தில் கேட்ட சிரிப்பும் கலந்திருந்தது. பக்கத்தில் நின்ற எந்த மனிதருக்கும் அது தெரிந்திருக்காது. அவர் முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு மூக்குக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று அவர் தம்மை மெச்சிக்கொண்டாரே, அவர் உடம்பு முழுவதும் அன்று மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார். தரை துடைக்கும் அம்மாள் ஒருவர் முன்பு அங்கே இருந்தார். நாயைக் கண்டால் அவருக்கு நடுக்கம். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். மடியில் கனமில்லாதவருக்கு ஏன் இந்தப் பயம் என்று மோப்பத் துரை அன்று நினைத்தார். நினைத்தபடியே அந்த அம்மாளின் பையின் முன்னால் சீமாட்டி உட்கார்ந்தது. பையில் வெற்றிலைப் பொட்டலம்கூட இல்லை. அந்த அம்மாள் விசாரணைக்குக் காத்திருக்கவில்லை; துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போனவர் போனவர்தான். ஓட்டுநர் ஒருவரிடம் மெய்யாகவே மாத்திரை அகப்பட்டது. அந்த வெற்றியைச் சொல்லிச் சொல்லியே அவர் துரையானார். ஆனால் அன்று காவலாளி முன்கூட்டியே அந்த ஓட்டுநரின் பெயரை அவர் காதில் ஓதியிருந்தார். நாய் தானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல அவருக்கு இப்போது ஒரு சம்பவம்கூட மிஞ்சவில்லை.

வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் அவர் அதுவரை எண்ணியிருந்தார். அன்று அது காலில் வந்தது. கூடத்தைக் கடந்து நாற்காலிக்குப் போக முடியவில்லை. சீமாட்டி வந்து அவர் உள்ளங்கையை முகர்ந்து, என்னவோ புரிந்துகொண்டதுபோல், தன் தலையை அவர் முழங்காலில் வைத்தது. தாம் இப்போது எப்படி மணக்கிறோம் என்பது அதற்குத் தெரியும் என்ற எண்ணம் வந்ததும், கையை இழுத்துக்கொண்டார்.

இது தெரிந்தவர் உலகத்தில் இருவரே. மனைவி பாத்திரத்தை அலம்பிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "நான் வாயைத் திறக்க மாட்டேங்க. ஆனா நாத்தனார் மூஞ்சியை நீங்கதான் பார்த்தாகணும். அது என்னால முடியாது."

மறுநாள் காலையில் அவர் மேலாளர் அம்மாளின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மாப்பிள்ளையைக் காப்பாற்ற வந்த கட்டுக்கதை இது என்றுதான் முதலில் நினைத்தார். கட்டுக்கதை அன்று என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வேறு திசையில் திரும்பியது.

"இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இதுவரைக்கும் அனுப்பினவங்க எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும்மா. நிக்கணும்."

அந்தத் துப்புரவு அம்மாளின் விலாசம் வேண்டும் என்றும் கேட்டார். அப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் மேலாளர் அம்மாள் ஒன்றுக்கு இசைந்தார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் ஒரு சோதனை. அவருக்குத் தெரியாமல் டப்பாவை ஒரு பையில் வைப்பது. அவர் வழக்கம்போல் நாயுடன் வருவது. நாய் தடுமாறினால் அவர் சொல்வது மெய், விசாரணை கைவிடப்படும்.

வெள்ளிக்கிழமை மாலை. பைகள் மஞ்சள் கோட்டின்மேல் இருந்தன. பாரபட்சம் இல்லை என்று காட்டுவதற்காக மேலாளர் அம்மாள் தம்முடைய கறுப்புத் தோல்பையையும் வரிசையின் கடைசியில் வைத்திருந்தார். சுவரோரம் பொட்டலப் பெண்கள், சுமை தூக்குபவர்கள், காவலாளி. சற்று விலகித் தனியாக மாப்பிள்ளை. முகம் மழிக்கவில்லை. மச்சானின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கதவுக்கு வெளியே மோப்பத் துரை கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மாள் அருகில் வந்தார். குரலைத் தணித்து, "நீல உறை போட்ட பை" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாய் நல்ல நாய்தான்னு எல்லாரும் பார்க்கட்டும். உங்க மானமும் போகாது, கிடங்கு மானமும் போகாது. உங்க மாப்பிள்ளையைப் புகார் இல்லாம நான் அனுப்பி வெச்சிடுறேன். வேற ஊர்ல பிழைச்சுக்கட்டும்." தோளில் இலேசாகத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு இதமான ஏற்பாடு. சிறை இல்லை, புகார் இல்லை. துரை துரையாகவே இருக்கலாம். மாப்பிள்ளை மட்டும் திருடராக ஊரைவிட்டுப் போக வேண்டும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பையின் இடம் தெரிந்தவராக அதன் அருகே நடந்தால் போதும்.

சீமாட்டியை அழைத்துக்கொண்டு நடந்தார். ஒரு பை; மற்றொரு பை; மூச்சுச் சீராக வந்தது. நீலப் பையின் அருகே சீமாட்டியின் நடை மாறியது. மூக்கு பையின் வாயில் புதைந்தது. காதுகள் முன்னால் மடிந்தன. பின்னங்கால்கள் உட்காருவதற்காக வளைந்தன. வளைந்த நிலையில் அது அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றார். கயிற்றைத் தளர்த்தினார். இங்கே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். சீமாட்டி மறுபடி குனிந்து முகர்ந்தது. மறுபடி அவரைப் பார்த்தது. தனக்கு இம்மியும் ஐயமின்றித் தெரிந்த ஒன்றை, அவர் முகத்துக்காக, இல்லையென்று விட்டுக்கொடுத்துவிட்டுக் கால்களை நிமிர்த்தி அவருடன் நடந்தது. அந்த நொடி அவருக்குக் கண் எரிந்தது. தங்கையின் எதிரிலும் மனைவியின் எதிரிலும் வராத அவமானம், ஒரு நாயின் நம்பிக்கையின் எதிரில் வந்தது.

வரிசையின் கடைசியில் கறுப்புத் தோல்பை இருந்தது. அங்கே அவர் நின்றார். மூச்சை அடக்கினார். கயிற்றை ஒரு நூலளவு இழுத்தார். இதுதான், இதுதான் என்று எண்ணினார்.

சீமாட்டி மேலாளர் அம்மாளின் பையின் முன்னால் உட்கார்ந்தது.

பிறகு பொட்டலப் பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு குரல், மிகவும் பணிவாக, "அம்மா, பையைக் கொஞ்சம் கொட்டிக் காட்டுறீங்களா?" என்றது. அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. அம்மாளின் முகம் கறுத்தது.

"அம்மா பையில ஒண்ணும் இல்லை" என்றார் மோப்பத் துரை. சிரிப்பு அடங்கியது. "டப்பா நீலப் பையில இருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும், அம்மாவே சொன்னாங்க. சீமாட்டியும் கண்டுபிடிச்சிடுச்சு. நான் வேண்டாம்னு நினைச்சேன், விட்டுடுச்சு. இங்க உக்காருன்னு நினைச்சேன், உக்காந்துடுச்சு. மாப்பிள்ளை பை முன்னாடி அன்னைக்கு நடந்ததும் இதுதான். தரை துடைப்பாங்களே, அந்த அம்மா பை முன்னாடி நடந்ததும் இதுதான்."

காவலாளி கேட்டார்: "அப்ப நாய் பொய் சொல்லுச்சா?"

"இல்லை. நான் சொன்னேன். அது நம்புச்சு."

நீலப் பையைத் திறந்தார்கள். டப்பா இருந்தது. விசாரணை முடிந்தது என்றும், மாப்பிள்ளை நாளை வேலைக்கு வரலாம் என்றும், கோட்டில் இனி நாய் வராது, நாயைப் பிடித்து வருபவரும் வர வேண்டியதில்லை என்றும் மேலாளர் அம்மாள் யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தம் பையை எடுத்துக்கொண்டு போனார். மாத்திரையை எடுத்தவர் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எத்தனை காலம் அதைக் கேட்காமலேயே அந்தக் கோட்டில் மனிதர்களை நிறுத்திவைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

வேலையாட்கள் கலைந்தார்கள். சீமாட்டி இன்னும் உட்கார்ந்தே இருந்தது. அதன் கண்கள் அவர் சட்டைப்பையில் நிலைத்திருந்தன. சொன்னதைச் செய்துவிட்டது, அதற்குரியது வர வேண்டும். அவர் பந்தை எடுத்தார். அன்று இதே இடத்தில், இதே பந்தை எப்படிக் கொடுத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கொடுத்தார். அதற்குக் கொடுக்காமல் இருக்க அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? சீமாட்டி பந்தைக் கவ்விக்கொண்டு, வால் தரையைத் தட்ட, எவ்வித ஐயமுமின்றி அவரைப் பார்த்தது.

மாப்பிள்ளை தம் பையை எடுக்க வந்தார். நேற்றுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார். மோப்பத் துரை கயிற்றின் முனையைக் கையில் சுற்றியபடி, அந்த வேடிக்கைக்காகக் காத்திருந்தார். எந்த முனையில் இருப்பவருக்கு உத்தியோகம் என்று இப்போது கேட்கலாம். எல்லாரையும் திரும்ப அழைத்துவந்து அவர்கள் எதிரிலும் கேட்கலாம். கேட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட அவருக்குத் தோன்றியது. கேட்டுவிட்டால் ஏதோ ஒன்று சரியாகிவிடும்.

"மாப்பிள்ளை..." என்று தொடங்கினார்.

மாப்பிள்ளை குனிந்து சீமாட்டியின் காதைத் தடவினார். அது பந்தை அவர் காலடியில் வைத்துவிட்டு, அவர் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகர்ந்தது.

"மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி வைங்க மச்சான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, வாசலை நோக்கி நடந்தார்.